கருவியோடு படித்த ஆய்வு: பின்மனிதவாதமும் மாற்றுத்திறன் ஆய்வும் எனக்குக் கற்றுத்தந்தவை

மனிதனை எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைப்பதைக் கேள்வி கேட்கும் பின்மனிதவாதத்தையும், ஊனத்தைச் சமூகமும் பண்பாடும் எப்படிப் பார்க்கின்றன என்று ஆராயும் மாற்றுத்திறன் ஆய்வையும் இணைத்து முனைவர் பட்டம் செய்ய விரும்புவோர், அதிலும் தாங்களே மாற்றுத்திறனாளிகளாக இருப்போர், பதிவு செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை பல உண்டு. எனக்கு அவற்றைச் சொல்ல ஆள் இல்லை. ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயால், இளங்கலைப் படிப்பின்போது மாலை வெளிச்சத்தில் தடுமாறத் தொடங்கிய நான், முதுகலையை முடிப்பதற்குள் அச்செழுத்தைக் கண்ணால் வாசிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆங்கிலத் துறையில் 2018இல் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஆய்வு முடிந்து பட்டம் பெற்றுவிட்டேன். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய வகையில் இரண்டு ஆண்டுகளும், இரண்டு லட்சத்தை நெருங்கும் பணமும் போயின. பணத்தைவிட, அந்த ஆண்டுகளில் யாரிடமும் பேச முடியாமல் இருந்த தனிமைதான் என்னை அதிகம் வாட்டியது. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துறை என்னை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கோட்பாட்டாளர் டோனா ஹாரவே, உயிரும் இயந்திரமும் கலந்த சைபார்க் என்னும் உருவத்தை வைத்து 1985இல் எழுதிய சைபார்க் அறிக்கையை, முதுகலை இரண்டாம் ஆண்டில், என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் வழியாகக் கேட்டேன். மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலும், உயிருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலும் போடப்பட்ட எல்லைக்கோடுகள் கலைந்துவிட்டன என்று அந்தக் கட்டுரை சொல்லிக்கொண்டு போனபோது, அதை எனக்குப் படித்துக்காட்டியதும் ஓர் இயந்திரக் குரல்தான் என்ற எண்ணம் என்னை உலுக்கியது. என் வாழ்க்கையைப் பற்றி யாரோ பரிதாபம் கலக்காமல் பேசுவதாக அன்றுதான் முதன்முதலில் உணர்ந்தேன். அதே கட்டுரையில், கடுமையான ஊனமுள்ளவர்களே கருவிகளோடு கலந்து வாழும் அனுபவத்தை மிகத் தீவிரமாகப் பெறுகிறவர்களாக இருக்கக்கூடும் என்று ஓர் இடம் வருகிறது. வந்த வேகத்திலேயே கடந்தும் போய்விடுகிறது. அந்தக் கருவியை வாங்கப் பணம் கொடுத்தவர் யார், பழுதானால் யாரிடம் கொண்டுபோவது, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. மாற்றுத்திறன் ஆய்வாளர் அலிசன் கேஃபர் 2013இல் வெளியிட்ட நூலில் இந்தக் குறையைத்தான் எடுத்துப் பேசுகிறார். ஊனமுள்ளவர் என்றாலே சைபார்க் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம், அவருடைய அன்றாடத்தையும் அரசியலையும் பாராமல் விட்டுவிட வசதியாகிவிடுகிறது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஆய்வு செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆய்வுக்கு மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டேன். பார்வை என்பதையே நோயாகக் கருதும் பள்ளத்தாக்கைப் பற்றி எச். ஜி. வெல்ஸ் 1904இல் எழுதிய சிறுகதை ஒன்று. உடல் இயங்காமல் பிறந்த பெண்குழந்தையின் மூளை ஒரு விண்கலத்தோடு பிணைக்கப்படுவதைச் சொல்லும் ஆன் மெக்கஃப்ரியின் 1969ஆம் ஆண்டு நூல் ஒன்று. மூன்றாவது, போபால் நச்சுவாயுப் பேரழிவைப் பின்னணியாகக் கொண்டு இந்திர சின்ஹா 2007இல் வெளியிட்ட ‘அனிமல்ஸ் பீப்பிள்’. முதுகெலும்பு வளைந்து கைகளாலும் கால்களாலும் நடக்கும் இளைஞன், தன்னை மனிதன் என்று அழைப்பதை மறுத்துவிட்டு, ஒலிநாடாவில் தன் கதையைப் பதிவு செய்வதாக அந்த நாவல் அமைந்திருக்கிறது. குரலாகவே பிறந்த நாவலைக் குரலாகவே நான் கேட்டேன் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. அவன் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தை, பாலியல் தொழிலில் சிக்கிய தோழியை மீட்கக் கொடுத்துவிட்டு, நான்கு காலிலேயே நடக்கத் தீர்மானிக்கிறான். குணமாவதை முடிவாக வைக்காத அந்தக் கதையில்தான் என் ஆய்வின் அச்சாணி இருந்தது.

தலைப்பை உறுதி செய்ய ஆய்வுக்குழு கூடியபோதுதான் முதல் அடி விழுந்தது. “இது சோஷியல் வொர்க் டிபார்ட்மெண்ட் தலைப்பு தம்பி, இலக்கியத்துக்குள் எங்கே வருகிறது?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், “நீங்களே பாதிக்கப்பட்டவர். நடுநிலையாக எழுத முடியுமா?” என்றார். கிராமத்தில் பிறந்தவர் கிராமத்து நாவலை ஆய்வு செய்யும்போதும், பெண்கள் பெண்ணெழுத்தை ஆய்வு செய்யும்போதும் எழாத ஐயம் எனக்கு மட்டும் எழுந்ததை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் நெறியாளர் அன்பானவர். ஆனால் இந்தத் துறை அவருக்கும் புதிது என்பதால் குழுவின் முன்னால் எனக்காகப் பேச அவரிடம் சொற்கள் இல்லை. தலைப்பு திருப்பி அனுப்பப்பட்டது. பின்மனிதவாதம், மாற்றுத்திறன் ஆய்வு ஆகிய இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொன்னார்கள். திருத்தி எழுதி, மறுபடி குழு கூடி, உறுப்பினர் ஒருவர் மாறி, ஒருவழியாக ஒப்புதல் கிடைப்பதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது.

அந்த ஓராண்டில் கிடைத்த தெளிவை இங்கே வைக்கிறேன். பின்மனிதவாதம் என்றதும், மூளையைக் கணினியில் ஏற்றுவது, சாவை வெல்வது போன்ற மனித மேம்பாட்டுக் கனவுகளையே பலரும் நினைக்கிறார்கள். அது டிரான்ஸ்ஹியூமனிசம், அங்கே ஊனம் என்பது நீக்கப்பட வேண்டிய குறை. கேதரின் ஹேல்ஸ் 1999இல் எழுதியதும், ரோஸி பிரைடோட்டி 2013இல் எழுதியதும் அதற்கு எதிர்த்திசையில் நிற்பவை. உடலை உதறிவிட்ட தகவலாக மனிதனைக் காண்பதை ஹேல்ஸ் கேள்வி கேட்கிறார். எல்லோருக்கும் அளவுகோலாக நிறுத்தப்பட்ட ‘மனிதன்’ யாருடைய உடலை வைத்து வரையப்பட்டவன் என்று பிரைடோட்டி கேட்கிறார். இந்த வேறுபாட்டை ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு துறைகளும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்டன என்பதற்கு டேன் குட்லி, ரெபெக்கா லாத்தம், கேத்ரின் ரன்ஸ்விக்-கோல் ஆகியோர் 2014இல் சேர்ந்து எழுதிய கட்டுரை நல்ல சான்று. அதன் படி ஒன்றைக் குழுவினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். இலக்கியத்தில் ஊனம் எப்படிக் கதையைத் தாங்கும் ஊன்றுகோலாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதை மாற்றுத்திறன் ஆய்வாளர்கள் மிட்செலும் ஸ்னைடரும் 2000இலேயே விளக்கிவிட்டார்கள் என்று காட்டியபின், இது எந்தத் துறைக்குரியது என்ற கேள்வி எனக்குத் திரும்ப வரவில்லை. தலைப்பிலும் கோட்பாட்டின் பெயரைப் பின்னால் தள்ளி, படைப்புகளின் பெயரை முன்னால் வைத்தேன். குழுவின் எதிர்ப்பில் பாதி அதிலேயே தணிந்தது.

அடுத்த சுமை நூல்கள். இந்தத் துறையின் நூல்களில் பெரும்பகுதி அமெரிக்க, பிரிட்டன் பல்கலைக்கழகப் பதிப்பகங்களுடையவை. கெட்டி அட்டைப் பதிப்பு ஒன்று ஐயாயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வந்த காலத்தில் அப்பாவிடம் கேட்டு வாங்கிய பணத்தையும் சேர்த்து நூல்களுக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆனது. வாங்கிய பின்னும் அவை எனக்கு வாசிக்கத்தக்கவையாக இல்லை. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் இட்டு, பிழை திருத்திய பிறகே என்விடிஏ அதைப் படிக்கும். ஜெராக்ஸ் கடை அண்ணன் நூலின் முதுகைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்து தருவார். மடிப்பின் ஓரம் நிழல் விழுந்த வரிகளில் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் குப்பையாக வரும். அடிக்குறிப்பு எண்கள் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு ஆண்டுகளைப் போல ஒலிக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் உள்ள நூற்பெயர், வாக்கியம் பாதியில் நிற்கும்போது நடுவே புகுந்துவிடும். இரண்டு பத்தியாக அச்சான இதழ்க் கட்டுரையில் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் மாறி மாறி வரும். கோட்பாட்டு எழுத்தின் வாக்கியங்கள் இயல்பிலேயே நீளமானவை என்பதால், புரியாதது ஆசிரியரின் நடையாலா எழுத்துணரியின் குழப்பத்தாலா என்று கண்டுபிடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். பிழை திருத்தவும் படித்துக்காட்டவும் முதுகலை மாணவர்களுக்குக் கொடுத்த தொகை, ஸ்கேன் செலவோடு சேர்ந்து நாற்பத்தைந்தாயிரத்தை எட்டியது.

இதில் பெரும்பகுதியை நான் செலவழித்திருக்க வேண்டியதே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. நூலகத்தில் இருந்த நூல்களை முழுமையாக ஸ்கேன் செய்யக் காப்புரிமைச் சட்டம் இடம் தராது என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட (1)(இசட்-பி) உட்பிரிவு, மாற்றுத்திறனாளி பயன்படுத்தும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றுவதைக் காப்புரிமை மீறலாகக் கருதக் கூடாது என்கிறது. கல்விக்காகவும் ஆய்வுக்காகவும் அந்த வடிவத்தை இன்னொரு மாற்றுத்திறனாளியோடு பகிர்ந்துகொள்ளவும் அது அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்கக் காப்புரிமையில் விலக்கு தரும், 2013இல் கையெழுத்தான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நூலகருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்த பிறகு, வாயால் மறுத்தவர்களே நூலக ஸ்கேனரை எனக்குத் திறந்துவிட்டார்கள். ஆகவே எதையும் வாய்மொழியாகக் கேட்காதீர்கள்; சட்டப்பிரிவோடு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். அதோடு, நூல் வாங்கிய ரசீதை அனுப்பி, உரைவடிவக் கோப்பு வேண்டும் என்று பதிப்பகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். எனக்குப் பல பதிப்பகங்கள் கட்டணமின்றி அனுப்பின. அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்காக 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் உறுப்பினராவதும் நல்லது. கோட்பாட்டு நூல்கள் அங்கு எனக்கு அதிகம் கிடைக்கவில்லை என்றாலும் இந்திய மொழி நூல்களுக்கு அது உதவியது.

இனிச் சொல்லப்போவது, நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கும் செய்தி. மூன்றாம் ஆண்டில், மூக்குக் கண்ணாடியில் பொருத்தும் கேமரா ஒன்றை எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அச்சுப் பக்கத்தை நோக்கித் தலையைத் திருப்பினால் காதில் படித்துச் சொல்லும் கருவி அது. அம்மாவின் வளையல்கள் வங்கிக்குப் போய்த்தான் அந்தப் பணம் வந்தது. சில மாதங்கள் நான் உண்மையிலேயே விடுதலை பெற்றவன்போல் இருந்தேன். நூலக அடுக்கின் முன் நின்று முதுகட்டைப் பெயர்களை நானாகவே கேட்டறிந்தபோது அழுதுவிட்டேன். ஆனால் படித்துச் சொல்லும் வேலை கருவிக்குள் நடக்கவில்லை. நிறுவனத்தின் சர்வரில் நடந்தது. இரண்டாண்டு முடிவதற்குள் நிறுவனம் அந்த மாதிரிக்கான சேவையை நிறுத்திக்கொண்டது. தொலைபேசியில் பேசியவர் புதிய மாதிரியின் விலையைச் சொன்னார். பழையதைத் திரும்பப் பெறுவது பற்றியோ, வேறு மென்பொருள் ஏற்றுவது பற்றியோ பேச்சே இல்லை. கருவிக்கு எந்தப் பழுதும் இல்லை; ஆனால் அது பேசுவதை நிறுத்திவிட்டது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. என் நோய் முற்றியவர்களுக்காகவே உருவாக்கப்பட்ட ஆர்கஸ்-2 என்னும் விழித்திரைப் பொருத்துகருவி, அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்றது. “அமெரிக்காவில் கண்ணே செய்துவிட்டார்களாம்” என்று மாமா அந்தச் செய்தியை எனக்குப் படித்துக்காட்டியது நினைவிருக்கிறது. அதைத் தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019இல் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020இல் திவாலாகும் நிலைக்கே போனது. அறுவை சிகிச்சையின் மூலம் கண்ணுக்குள்ளேயே கருவியைப் பொருத்திக்கொண்ட 350க்கும் மேற்பட்டோர், பழுது நீக்க ஆளும் உதிரிப்பாகமும் இல்லாமல் கைவிடப்பட்டார்கள். மனிதனும் இயந்திரமும் கலந்துவிட்டதைக் கொண்டாடும் எந்தக் கோட்பாடும் இந்த மனிதர்களுக்கு என்ன சொல்லப்போகிறது என்ற கேள்வியை என் ஆய்வேட்டின் நான்காம் இயலாக வைத்தேன். கால் துண்டிக்கப்பட்டபின் செயற்கைக் காலோடு வாழ்ந்த திரைப்பட ஆய்வாளர் விவியன் சோப்சாக், செயற்கை உறுப்பை வெறும் உருவகமாக்கிப் பேசும் கோட்பாட்டாளர்களிடம் அதன் எடையையும் செலவையும் நினைவூட்டி எழுதியவை எனக்குப் பெரும் துணையாயின. எதிர்ப்பக்கத்தில் வைக்க நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், செருப்பில்லாமல் நடக்கவும், சம்மணமிட்டு உட்காரவும், வயல் சேற்றில் இறங்கவும் ஏற்றதாகச் செய்யப்பட்டது. உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். பின்மனித உடலைப் பற்றி எழுதும் இந்திய ஆய்வாளர் சிலிக்கான் சில்லுக்குப் போவதற்கு முன் இந்த ரப்பர் காலிடம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருவி வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. இணைய இணைப்பு இல்லாமல் அது முழுமையாக வேலை செய்யுமா? சேவையை நிறுத்தினால் எத்தனை மாதத்துக்கு முன் தெரிவிப்பார்கள்? பேட்டரியை வெளியே வாங்கி மாற்ற முடியுமா? இந்தியாவில் பழுது பார்க்குமிடம் எங்கே? பதில் தெளிவாக வரவில்லை என்றால் வாங்காதீர்கள். என் ஆய்வேடு முழுவதும் கடைசியில் கட்டணமில்லா என்விடிஏவிலும் ஒரு பழைய மடிக்கணினியிலும்தான் எழுதி முடிக்கப்பட்டது.

ஆய்விதழ் வெளியீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டுரை வெளியிடுவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளில் கட்டாயம். 2022ஆம் ஆண்டு விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் எந்த விதியின் கீழ் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதை ஆய்வுப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுவதாக அழைக்கும் இடைத்தரகர்களின் எண்களை அன்றே முடக்கிவிடுங்கள்.

ஆறு ஆண்டு முடியும் தறுவாயில் கால நீட்டிப்புக்குப் போனபோது, அப்படி ஒரு சலுகையே இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ள ஆய்வாளருக்கு உச்ச கால வரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டு தளர்வு அளிக்கலாம் என்று 2016 விதியிலும் 2022 விதியிலும் இருக்கிறது. அச்சிட்டு எடுத்துப்போன பிறகும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை போதாது, புதிய மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். மாவட்ட மருத்துவமனையில் வரிசையில் நின்று, குணமாகாத நோய் குணமாகவில்லை என்று மறுபடி எழுதி வாங்கி வந்தேன். அந்த நாட்களில் எனக்கு ஏற்பட்ட அவமான உணர்வை மறைக்க விரும்பவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேவையான இணக்க ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. இந்த வரியை விண்ணப்பத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள். விண்ணப்பத்தையும் வரம்பு முடிவதற்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

ஆய்வேட்டின் வடிவமைப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஓர இடைவெளி, வரி இடைவெளி, மேற்கோள் உள்தள்ளல் ஆகியவற்றைக் காதால் சரிபார்ப்பது கடினம். தட்டச்சு நிலையத்துக்கு நான் கொடுத்த இருபதாயிரத்தில் பாதி, ஒரே வேலையை இருமுறை செய்யவைத்ததற்குப் போனது. வேர்டில் தலைப்புகளுக்குரிய ஸ்டைல்களைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தி எழுதினால் இந்தச் செலவு பெருமளவு குறையும்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கருவி வாசித்ததை நீங்கள் வாசித்ததாகக் கொள்ளலாமா என்று கேட்டார். இகழ்ச்சியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். கண்ணால் வாசிப்பவரின் வாசிப்பும் அச்சு, விளக்கு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றோடு சேர்ந்தே நடக்கிறது என்றும், அவற்றின் விலையையும் பராமரிப்பையும் சமூகம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டதால் அவை கருவிகளாகத் தெரிவதில்லை என்றும், என் கருவியின் செலவு என் தலையில் மட்டும் விழுவதால்தான் அது கருவியாகத் தெரிகிறது என்றும் பதில் சொன்னேன். ஐந்து இயல்களின் சாரமும் அதுதான். அவர் அதைத் தம் அறிக்கையில் எழுதிச் சேர்த்தார்.

பட்டம் உறுதியான பின் ஆய்வேட்டை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். அங்குள்ள பழைய ஆய்வேடுகள் பல, அச்சுப்படியை ஸ்கேன் செய்த படங்களாகவே கிடக்கின்றன. என்னால் அவற்றைத் திறக்க முடிந்ததே தவிர ஒரு சொல்லைக்கூடக் கேட்க முடியவில்லை. என் ஆய்வேட்டையும் கையெழுத்துப் பக்கங்களோடு சேர்த்து முழுவதும் ஸ்கேன் செய்வதே வழக்கம் என்று நூலகத்தில் சொன்னார்கள். சான்றிதழ்ப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து, இயல்கள் அனைத்தையும் வேர்டிலிருந்து நேரடியாக உரைவடிவ பிடிஎஃப் ஆக்கி, தலைப்புகள் வழியே தாவிச் செல்லும் வகையில் நானே தயாரித்துக் கொடுத்தேன்; ஏற்றுக்கொண்டார்கள். உங்களுடையதையும் அப்படியே கொடுங்கள்; கொடுப்பதற்கு முன் என்விடிஏவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.